நாளைப் படிக்கும் நிரலும் நம் கடமையும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலை முறையை நினைவுகூராத தமிழர் இலர். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளைக் காண எங்கெங்கிருந்தோ அறிஞர்கள் வருகின்றனர். முப்பது குடும்புகள், ஓலை இட்ட குடம், தகுதியும் தகுதியின்மையும் வகுத்த விதிகள் ஆகியவற்றைப் பற்றி நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம், தேர்விலும் எழுதியிருக்கிறோம். ஆனால் அக்கல்வெட்டு தொடங்கும்போதே ஒரு நாளைக் குறிக்கின்றதே, அந்த நாளைப் பற்றி நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

மதுரையைக் கொண்ட பரகேசரியின் பதினான்காம் ஆட்சியாண்டில் பதினாறாம் நாள் என்பதே அக்கல்வெட்டு தரும் நாள். அதில் கி.பி. இல்லை, சக ஆண்டு இல்லை, மாதமும் இல்லை. அரசனின் இயற்பெயர்கூட இல்லை. பரகேசரி என்பது ஒருவருக்கு மட்டும் உரிய பெயரன்று. சோழ மன்னர்கள் இராசகேசரி என்றும் பரகேசரி என்றும் மாறி மாறிப் பட்டம் புனைந்தனர். உத்தம சோழனும் பரகேசரி, முதலாம் இராசேந்திரனும் பரகேசரி. அப்படியிருக்க இதனைக் கி.பி. 921 என்று நாம் எவ்வாறு அறிந்தோம்? மதுரையைக் கொண்டவன் என்ற அடைமொழி அம்மன்னன் பராந்தகனே என்று காட்டிற்று. அவன் அரியணை ஏறியது 907ஆம் ஆண்டு என்பதை, கிழமையும் விண்மீனும் குறித்த வேறு கல்வெட்டுகளைக் கொண்டு கீல்ஹார்ன் போன்ற அறிஞர் கணித்தனர். இரண்டையும் கூட்டியபோது 921 கிடைத்தது.

ஆகவே நாளைப் படித்தல் என்பது எழுத்துக் கூட்டிப் படித்தல் அன்று. எழுதியவன் மனத்தில் இருந்து, அவன் எழுதாமல் விட்டதையும் சேர்த்து அறிதலே நாளைப் படித்தல். இக்கலைக்கு வாழ்நாளை ஈந்த தமிழர் ஒருவர் உண்டு. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் தலைவராகவும் விளங்கிய எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு நாட்கணக்கு அட்டவணைகளை வகுத்து 1922இல் வெளியிட்டார். இன்றும் கல்வெட்டு ஆய்வாளர் கையில் அந்நூல் இருக்கிறது.

அன்று மனிதர் செய்த இப்பணியை இன்று கணினி நிரல்கள் செய்கின்றன. அந்நிரல்களைப் பற்றியும், அவற்றை லினக்ஸ் அமைப்பில் முறைப்படி சேர்க்கும் பணியைப் பற்றியும், அப்பணியில் நம் போன்ற அரசுக் கலைக் கல்லூரி மாணவர்க்கு உள்ள கடமையைப் பற்றியும் என் கருத்தைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கணினித் துறையினர் 'லைப்ரரி' என்று கூறுவதை இங்கு நிரலகம் என்றும், 'பேக்கேஜ்' என்று கூறுவதைப் பொதி என்றும் குறிப்பிடுகிறேன்.

நாள் ஒன்று, வடிவம் பல

ஒரு நாளை எத்தனை விதமாக எழுதலாம்! 3-4-2021 என்று எழுதினால் நமக்கு அது ஏப்ரல் மூன்று. அமெரிக்கருக்கு மார்ச்சு நான்கு. ஜனவரி என்பார் ஒருவர், சனவரி என்பார் மற்றொருவர். பிப்ரவரியும் உண்டு, பெப்ரவரியும் உண்டு. ஆகஸ்ட், ஆகஸ்டு இரண்டும் உண்டு. ஆண்டு, வருடம், வருஷம் மூன்றும் ஒன்றே. பழைய பத்திரங்களை விரித்தால் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்ற குறிகளும், அவற்றின் முன்னே தமிழ் எண்களும் நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அறுபது ஆண்டுச் சுழற்சி இருக்கிறது. எங்கள் ஆயாவிடம் பிறந்த நாளைக் கேட்டால், "நந்தன வருஷம் ஆடி மாசம்" என்பார். 1892இல் தொடங்கியதும் நந்தன, 1952இல் தொடங்கியதும் நந்தன, 2012இல் தொடங்கியதும் நந்தன. ஆயாவின் முகத்தைப் பார்க்கும் மனிதன் நொடியில் 1952 என்று அறிவான். முகம் பார்க்கத் தெரியாத இயந்திரம் என்ன செய்யும்?

பிறந்த பொழுதிலும் சிக்கல் உண்டு. செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் செவ்வாய் என்றே இருக்கும். நம் மரபில் நாள் தொடங்குவது ஞாயிறு எழும்போது. ஆகவே சாதகத்தில் அது திங்கட்கிழமை. மாதப் பிறப்பும் அப்படியே. கதிரவன் அடுத்த இராசியில் புகுவது பொழுது சாய்வதற்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறக்கும் என்பதும், பின் நிகழ்ந்தால் மறுநாள் என்பதும் தமிழ்நாட்டு வழக்கு. மலையாள நாட்டு வழக்கு வேறு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வேளைகளில் ஒரு நாள் வேறுபடுவதும் உண்டு. இவற்றில் எதுவும் பிழையன்று. எந்த வழக்கில் எழுதினோம் என்பதைச் சொல்லாமல் விடுவதே பிழைக்கு வாயில் திறக்கிறது.

ஊகிக்கும் இயந்திரம்

பைத்தான் என்னும் நிரல்மொழியில் டேட்யூட்டில் என்றொரு நிரலகம் உண்டு. கஸ்டாவோ நீமெயர் என்பவர் 2003இல் தொடங்கியது. எவ்வடிவில் நாளை எழுதிக் கொடுத்தாலும் அது பிரித்தறிந்து விடை கூற முயலும். உலகெங்கும் எண்ணற்ற நிரல்கள் இதனை நம்பி இயங்குகின்றன. இவ்வாண்டு என் மடிக்கணினியில் டெபியன் லினக்சை நிறுவி, இந்நிரலகத்தைப் பயிற்சிக்காக நானே பொதியாக்கிப் பார்த்தேன். அப்போது அது நாளைப் படிக்கும் விதத்தையும் சோதித்தேன்.

13-4-2021 என்று கொடுத்தேன்; ஏப்ரல் 13 என்றது. 3-4-2021 என்று கொடுத்தேன். மார்ச்சு 4 என்றது! மாதமே முதலில் வரும் என்பது அதன் இயல்பான கொள்கை. பதின்மூன்றாம் மாதம் என ஒன்று இல்லாமையால், முதல் விடையில் மட்டும் அது தன் கொள்கையைத் தளர்த்திக்கொண்டது. ஒரே பதிவேட்டில், ஒரே எழுத்தர் கையால் அடுத்தடுத்து எழுதப்பட்ட இரு வரிகளை இருவிதமாகப் படித்துவிட்டு, ஓர் எச்சரிக்கையும் தராமல் அமைதியாக இருந்தது. இதனை அந்நிரலகத்தின் குற்றம் என்று நான் கூறமாட்டேன். இவ்வியல்பு அதன் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நாளே முதலில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழி செய்திருக்கிறார்கள். சொல்லாமல் பயன்படுத்துவோரே பொறுப்பாவர்.

இரண்டு இலக்க ஆண்டின் கதை இதனினும் வியப்பானது. 15-8-72 என்பதைப் பைத்தானின் உள்ளமைந்த முறையிற் படித்தால் 1972 என்கிறது. 69 முதல் 99 வரை இருபதாம் நூற்றாண்டு, 0 முதல் 68 வரை இருபத்தோராம் நூற்றாண்டு என்பது அதன் விதி. டேட்யூட்டிலோ, இன்றைய ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐம்பதாண்டு என்று கணக்கிடுகிறது. 2022 வரை 72 என்பதை 1972 என்று படித்த அதே நிரலகம், 2023 பிறந்தவுடன் 2072 என்று படிக்கத் தொடங்கிவிட்டது. எழுதிய தாள் மாறவில்லை, நிரலும் மாறவில்லை, படிக்கும் ஆண்டு மாறியது, விடை மாறிவிட்டது! 52 என்று கொடுத்தால் இரு முறைகளும் ஒருமித்து 2052 என்கின்றன.

இது வெறும் ஆய்வுக்கூட வேடிக்கை என்று எண்ணிவிட வேண்டா. ஆயாவுக்கான ஒரு விண்ணப்பத்தில் பிறந்த ஆண்டு 52 என்று எழுதப்பட்டிருந்தது. அது ஓரிடத்தில் 2052 என்று கணினியில் ஏறி, வயது பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. பிறக்கவே இன்னும் பல ஆண்டுகள் இருக்கும் ஒருவர் தள்ளாடியபடி எதிரே நிற்கிறார். திரை மட்டும் அவரை நம்ப மறுக்கிறது. அதைத் திருத்த இரு நாள் கூலியும் நான்கு முறை பேருந்துக் கட்டணமும் செலவாயின. எந்த நிரல் அவ்வாறு படித்தது என்பது ஆயாவுக்கும் தெரியாது, மேசைக்கு அப்பால் இருந்தவருக்கும் தெரியாது. ஏழையின் முதுமை, மாணவனின் சேர்க்கை வயது, நிலத்தின் உரிமை எல்லாம் ஒரு நாளின் மீது நிற்கின்றன. அந்த நாளைப் படிக்கும் பொறுப்பை நாம் யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

என் கருத்து இதுதான்: ஐயம் உள்ள இடத்தில் இயந்திரம் ஊகித்தல் கூடாது. இரு விடைகள் இயலுமாயின் இரண்டையும் காட்டி, எது என்று மனிதனைக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும் நிரலகம் ஆமை போல் மெதுவாக நடப்பதாகத் தோன்றலாம். எனினும் தவறான நாளை விரைவாகத் தருவதைவிட, சரியான நாளைச் சற்றுத் தாமதமாகத் தருவதே மேல்.

பொதியாக்கல் என்பது யாது?

நல்ல நிரலகத்தை எழுதிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. நெல் விளைந்தால் போதுமா, மூட்டை கட்டி, எடை போட்டு, எவர் நிலத்து நெல் என்று எழுதி, களஞ்சியம் சேர்க்க வேண்டாவா? லினக்சில் அப்பணிக்குப் பெயர்தான் பொதியாக்கல்.

டெபியன் என்பது 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் தொகுப்பு. உலகெங்குமுள்ள தன்னார்வலரால் இன்றும் நடைபெறுகிறது. அதில் ஒரு நிரலகத்தைச் சேர்க்க விரும்புவோர், மூல நிரலோடு ஒரு தனி அடைவில் சில கோப்புகளை எழுதிச் சேர்க்க வேண்டும். 'கன்ட்ரோல்' என்னும் கோப்பு, இப்பொதி யாது, இதற்குப் பொறுப்பாளர் யார், இது இயங்க வேறு எப்பொதிகள் வேண்டும் என்று கூறும். 'ரூல்ஸ்' என்னும் கோப்பு இதனை எவ்வாறு கட்ட வேண்டும் என்று கூறும். 'காப்பிரைட்' என்னும் கோப்பு எழுதியவர் யார், எந்த உரிமத்தில் நமக்குத் தந்தார் என்று கூறும். 'சேஞ்ச்லாக்' என்னும் கோப்பு எந்நாளில் எவர் என்ன மாற்றம் செய்தார் என்று வரிசையாகக் கூறும்.

இந்தக் கோப்புகளை எழுதும்போது எனக்கு நம் ஊர்க் கல்வெட்டே நினைவுக்கு வந்தது. அதிலும் விதி இருக்கிறது, நாள் இருக்கிறது, அரசாணையின் பேரில் உடனிருந்த அலுவலர் பெயர் இருக்கிறது, எழுதிய மத்தியஸ்தர் பெயரும் இருக்கிறது. பொறுப்பு இன்னாருடையது என்று பெயரிட்டுச் சொல்லுதலே இரண்டுக்கும் உயிர்.

சேஞ்ச்லாக்கில் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் கிழமை, நாள், மாதம், ஆண்டு, நேரம் ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் எழுத வேண்டும். நாளைப் படிக்கும் நிரலகத்தைப் பொதியாக்குவோனும் முதலில் நாளைச் சரியாக எழுதக் கற்க வேண்டும்! சோதிப்பதற்காகவே வெள்ளிக்கிழமைக்குரிய நாளில் வியாழன் என்று எழுதி வைத்தேன். பொதிகளைத் தணிக்கை செய்யும் லின்டியன் என்னும் கருவி, கிழமை தவறு என்று உடனே சுட்டிக் காட்டிற்று. கிழமை என்பது நாளுக்குச் சான்று. கல்வெட்டில் உள்ள கிழமையையும் திதியையும் விண்மீனையும் ஒப்புநோக்கி, பொருந்தாத ஆண்டுகளைத் தள்ளிப் பொருந்தும் ஆண்டைக் கண்டதும் இதே முறையால்தானே? சாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணை செய்ததை இன்று ஒரு சிறு தணிக்கைக் கருவி தன் அளவில் செய்கிறது.

பொதியாக்கலில் மற்றொரு நெறி என்னை மிகவும் கவர்ந்தது. பலருக்கும் வேண்டிய ஒரு பொருளை ஒவ்வொரு நிரலகமும் தன்னுள் தனித்தனியே படியெடுத்து வைத்துக்கொள்வதை டெபியன் விரும்புவதில்லை. எடுத்துக்காட்டாக, உலக நாடுகளின் நேர வரலாறு ஒரே பொதியாக இருக்கிறது. நம் நாட்டின் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்டது என்பது நாம் அறிந்ததே. 1906க்கு முன் வழங்கிய சென்னை நேரம் ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் பத்து நொடி என்பதும், இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது என்பதும் அப்பொதியில் பதிவாகியுள்ளன. ஏதேனும் ஒரு நாடு நாளை தன் நேரச் சட்டத்தை மாற்றினால், இந்த ஒரு பொதியைத் திருத்தினாற் போதும். அதனை நம்பும் நிரல்கள் எல்லாம் திருந்திவிடும்.

இது ஏரிப் பாசனம் போன்றது என்பேன். நம் ஊரின் பேரேரிக்கு வயிரமேக தடாகம் என்பது பல்லவர் காலத்துப் பெயர். அவரவர் தனித்தனிக் கிணறு தோண்டினால் எவர் கிணற்றில் நீர் கெட்டது என்று எவர் அறிவார்? ஏரி ஒன்றாயின் அதனைக் காக்க ஓர் ஏரி வாரியம் அமைக்கலாம். அக்காலத்தார் அதனையே செய்தனர். ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தேர்ந்தனர். ஏரி வெட்டியவன் புகழை நாடு பேசும். ஆண்டுதோறும் தூர் எடுத்தவன் பெயரைப் பேசுவார் இல்லை. ஆனால் தூர் எடுப்போர் இல்லையேல் ஏரியே இல்லை. பொதியாளர் தூர் எடுப்போர்.

அண்மைக் காலச் சான்று ஒன்று கூறுகிறேன். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணிக் காலத்தை அறிகின்றன. அவ்வெண்ணை முப்பத்திரண்டு பிட் அளவில் வைத்திருக்கும் கணினிகளில், 2038 ஜனவரி 19ஆம் நாள் அந்த இடம் நிரம்பிவிடும். அதற்குப் பின் வரும் நாள் 1901க்குப் பின்னோக்கிப் பாயும். இதனைத் தடுக்க 2024இல் டெபியன் பொதியாளர்கள் நூற்றுக்கணக்கான நிரலகப் பொதிகளுக்குப் புதுப்பெயர் இட்டு, அவற்றை நம்பியிருந்த பொதிகளையெல்லாம் மீண்டும் கட்டினர். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பில் அப்பணியின் பயன் சேர்ந்தது. செய்தித்தாளில் இதற்குப் பெரிய தலைப்பு இல்லை. 2038இல் ஒன்றும் நேராமற் போனால், அந்த ஒன்றும் நேராமையே இவர்கள் செய்த பணிக்குச் சான்று.

மறுப்பும் மறுமொழியும்

"இணையத்திலிருந்து நேரே இறக்கிக்கொள்ளலாமே, பொதி எதற்கு?" என்று என் வகுப்பு நண்பர்களே கேட்கின்றனர். இறக்கிக்கொள்ளலாம், நானும் அவ்வாறு செய்ததுண்டு. ஆனால் பத்துக் கணினிகளில் பத்து நாட்களில் இறக்கினால் பத்துப் பதிப்புகள் இருக்கக்கூடும். ஒரே நாள் பத்து விதமாகப் படிக்கப்பட்டால் யாரைக் கேட்பது? பொதியிலோ பதிப்பு எண் உண்டு, சோதனை உண்டு, பொறுப்பாளர் பெயர் உண்டு. தவறு கண்டால் எழுத முகவரி உண்டு. ஆயாவின் விண்ணப்பம் திரும்பி வந்தபோது எங்களுக்கு இல்லாமற் போனது இதுவே: கேட்பதற்கு ஓர் இடம்.

"தமிழ் வருஷமும் மாதமும் சாதகத்துக்குத்தானே, அவற்றைக் கணினி ஏன் படிக்க வேண்டும்?" என்பாரும் உளர். அவர்கள் தம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. ஆங்கில நாளும் தமிழ் நாளும் அருகருகே இருக்கக் காணலாம். சிலவற்றில் தமிழ் நாள் மட்டுமே இருக்கும். பழைய தமிழ் இதழ்கள் பல தமிழ் வருஷம், மாதம் குறித்தே வெளிவந்தன. ஓலைச்சுவடிகளின் இறுதியில் படியெடுத்தவர் குறித்த நாளும் அவ்வாறே. இவையெல்லாம் ஒளிப்படமாகிக் கணினியில் ஏறிக்கொண்டிருக்கும் காலம் இது. படம் ஏறிவிட்டது, நாள் ஏறவில்லை என்றால் ஆண்டு வரிசைப்படி தேடுவது எங்ஙனம்?

டேட்பார்சர் என்னும் மற்றொரு நிரலகம் இருநூறுக்கும் மேற்பட்ட மொழி வடிவங்களில் நாளைப் படிக்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான மாதப் பெயர்களைத் தமிழிலும் அறியும். பாரசீக நாட்காட்டியையும் இசுலாமிய நாட்காட்டியையும்கூட அறியும். எவரோ முன்வந்து எழுதிச் சேர்த்ததன் பயன் அது. நந்தன வருஷம் ஆடி மாதத்தை அதனுள் நாம் சேர்க்கவில்லை. பிறர் சேர்க்கவில்லையே என்று வருந்துவதில் பொருள் இல்லை. ஆயாவின் நாளை அயலார் எவ்வாறு அறிவர்?

"நகரத்துப் பெரிய கல்லூரிகள் செய்யட்டும், நமக்கு ஏது வசதி?" என்பது மூன்றாம் மறுப்பு. பொதியாக்கலுக்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டா. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாணவர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் லினக்சும் இருந்தது நினைவிருக்கலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. அத்தகைய பழைய கணினி ஒன்றே போதும். காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழ் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதி வருகிறது. புதியவர் கட்டிய பொதியை மூத்த டெபியன் பொதியாளர் பார்த்துத் திருத்தி ஏற்றிவிடும் வழக்கமும் உண்டு. தடையாக இருப்பது நம் தயக்கம் ஒன்றே.

மேலும், இப்பணிக்கு வேண்டிய முதற்பொருள் நகரத்தைவிட நம்மிடமே மிகுதி. வருஷப் பெயரைச் சொல்லிப் பேசும் முதியோர் இங்கே இருக்கின்றனர். பழம் பத்திரங்கள் இங்கே இருக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டு கடந்த நாட்குறிப்பு நம் ஊர்க் கோயிற் சுவரிலேயே இருக்கிறது.

நாம் செய்யத் தக்கது

தமிழ் நாளைப் பிரித்தறியும் ஒரு நிரலகத்தை எழுதி, அதனைப் பொதியாக்கி, டெபியனில் சேர்க்கும் பணியை நம் கல்லூரி மாணவர் மேற்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். இது கணினித் துறை மட்டும் செய்யக்கூடியது அன்று. வரலாற்றுத் துறை மாணவர் பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் நாள் எழுதப்பட்ட விதங்களைத் தொகுத்துத் தரலாம். தமிழ்த் துறை மாணவர் மாதம், வருஷப் பெயர்களின் வேறு வடிவங்களையும் பழைய குறிகளையும் பட்டியலிடலாம். கணிதத் துறையினர் மாதப் பிறப்புக் கணக்கைச் சரிபார்க்கலாம். வணிகவியலார் பழைய பேரேடுகளைக் கொண்டு சோதிக்கலாம். தனியார் பத்திரங்களைப் பார்க்கும்போது உரியவர் இசைவு பெற்று, பெயர்களை விடுத்து, நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் முறை.

அந்நிரலகம் மூன்று விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். முதலாவது, வருஷப் பெயர் மட்டும் கொடுத்தால், பொருந்தக்கூடிய ஆண்டுகள் அனைத்தையும் காட்ட வேண்டும். தானே ஒன்றைத் தெரிவு செய்தல் கூடாது. இரண்டாவது, வாக்கியமா திருக்கணிதமா, நாள் தொடங்குவது நள்ளிரவிலா சூரிய உதயத்திலா என்பதை விடையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது, கிழமை கொடுக்கப்பட்டிருந்தால் அதனைக் கொண்டு சரிபார்த்து, பொருந்தாவிடில் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகக் கூற வேண்டும்.

பொதியை ஒருமுறை கட்டிச் சேர்த்தால் வேலை முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. கல்லூரிகளில் இறுதியாண்டுச் செய்முறைத் திட்டங்கள் என்ன ஆகின்றன என்பதை நாம் அறிவோம். கட்டி முடித்து, பொன்னெழுத்து அட்டை போட்டு, மதிப்பெண் பெற்றபின் அறிக்கை அலமாரியில் உறங்குகிறது. எழுதியவர் படிப்பு முடிந்து போகிறார். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். இவ்வழக்கத்தை மாற்ற நம் ஊர்க் கல்வெட்டே வழி கூறுகிறது. வாரியத்தின் பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். அது முடிந்ததும் புதியவர் வருவர். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி இழப்பர். அவர் உறவினர்க்கும் அத்தகுதி இல்லை!

அதுபோல் ஆண்டுக்கொரு மாணவர் குழு இப்பொதிக்கு வாரியமாக அமையட்டும். வந்த குறைகள் எத்தனை, தீர்த்தவை எத்தனை, எஞ்சியவை எவை என்று சேஞ்ச்லாக்கில் கணக்கு எழுதி, இளையவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லட்டும். அதன்பின் பட்டம் பெறட்டும். அவர்கள் பெயரும் நாளும் அப்பொதியோடு உலகமெங்கும் செல்லும், அலமாரியில் உறங்காது.

நண்பர்களே, இதில் பெரும் பொருள் கிடைக்கும் என்று நான் கூறவில்லை. வேலை கிடைக்கும் என்று உறுதி தரவும் என்னால் இயலாது. ஆனால் எங்கோ ஒரு மேசையில், ஏதோ ஒரு திரையில், ஒரு முதியவளின் வயது சரியாக ஏறும். அதற்குக் காரணமானவர் இன்னார் என்று அவள் அறியமாட்டாள். அறிய வேண்டிய தேவையும் இல்லை. வரும் கல்வியாண்டில் இவ்வாரியத்தின் முதற் குழுவுக்குப் பெயர் தர விரும்புவோர் எத்துறையினர் ஆயினும் கணினி ஆய்வகத்துக்கு வருக. வரும்போது உங்கள் வீட்டுப் பெரியவர் பிறந்த நாளை, அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருக. நம் நிரலகம் படிக்க வேண்டிய முதற் பாடம் அதுவே.